தன் கையே தனக்குதவி: முதுமையில் தூக்கமும் மனமும்

முதுமையில் தூக்கம், மனநிலை, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறன் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பவை. இரவில் தூக்கம் கெட்டால் பகலில் மனம் சோர்கிறது. மனம் சோர்ந்தவர் எழுந்து நடமாடுவதைக் குறைத்துக்கொள்கிறார். நடமாட்டம் குறையக் குறையக் கால்கள் வலுவிழக்கின்றன. பகலெல்லாம் கட்டிலிலேயே கழிகிறது. அடுத்த இரவும் விழிப்பிலேயே போகிறது. இந்தச் சுற்று மூன்றில் எந்த இடத்திலும் தொடங்கலாம். மருத்துவமனையில் தூக்கத்துக்கு ஒரு மருத்துவர், மனத்துக்கு வேறொருவர், மூட்டுக்கு இன்னொருவர். வீட்டிலோ மூன்றுக்கும் ஒரே பதில்தான்: "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்." இந்தப் பதில் பெரும்பாலும் தவறு. அது தவறு என்பதைக் குடும்பமும் சுகாதாரப் பணியாளரும் அறிந்திருந்தால் பல முதியவர்களின் கடைசிப் பத்தாண்டுகள் வேறு மாதிரி அமையும்.

தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 10.4 விழுக்காடு. 2021-க்கு மதிப்பிடப்பட்ட அளவு 13.6 விழுக்காடு, 2031-இல் 18.2 விழுக்காடாகும் என்பது கணிப்பு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியவர்களின் விகிதம் மிகுந்தது இது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ராயக்கோட்டை வட்டாரத்தில் இந்த மாற்றத்துக்கு ஒரு தனி முகம் உண்டு. தக்காளி, சாமந்தி, கேழ்வரகு, மா என்று நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களில் அடுத்த தலைமுறை ஓசூர் சிப்காட்டுக்கும் பெங்களூருவுக்கும் வேலைக்குப் போகிறது. கம்பெனி பஸ் ஊர் முனைக்கே வருகிறது. மகன் இரவு ஷிப்ட், மருமகள் பகல் ஷிப்ட் என்றால் வீட்டில் நாள் முழுக்க இருப்பவர் பாட்டி ஒருவர்தான். 2019-இல் மாநகராட்சியான ஓசூரில் மகனோடு அடுக்குமாடிக்குக் குடிபோன பெற்றோர் நிலை வேறு. மூன்று வேளைச் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் காலை வெயிலும் வாசல் பேச்சும் அவர்களுக்கு அங்கே கிடைப்பதில்லை. தூக்கத்துக்கு இவ்விரண்டும் மருந்தளவுக்கு முக்கியம் என்பது பின்னால் விளங்கும்.

வயது தூக்கத்தைக் குறைப்பதைவிட அதன் தன்மையை மாற்றுகிறது என்பதே சரி. மூளையின் மின்னலைகள் மெதுவாகி, எழுப்பினாலும் எளிதில் எழ முடியாத ஆழ்ந்த உறக்கம் நடுவயதிலிருந்தே சுருங்கத் தொடங்குகிறது. முதுமையில் உறக்கம் மேலோட்டமாக இருப்பதால் நாய் குரைத்தாலும், லாரி போனாலும், சிறுநீர்ப்பை சற்று நிரம்பினாலும் விழிப்பு வந்துவிடுகிறது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் உயிர்க்கடிகாரமும் முன்னே நகர்கிறது. இரவு எட்டு மணிக்கே கண் சொக்கும், விடியுமுன் மூன்று, நான்கு மணிக்கு விழிப்பு வரும். அந்தக் கடிகாரத்தை நாள்தோறும் சரிசெய்வது கண் வழியாகப் புகும் வெளிச்சம். கண்ணின் வில்லை வயதோடு மஞ்சளாகி, புரையும் விழுந்தால் அந்த வெளிச்சம் குறைந்த அளவிலேயே உள்ளே போகிறது. 65 வயதைக் கடந்தவருக்கு ஏழு முதல் எட்டு மணி நேரத் தூக்கம் போதுமானது என்று பரிந்துரைக்கிறார்கள். ஆறு மணி நேரம் தூங்கி, பகலில் தெளிவாக இருப்பவரிடம் குறை எதுவும் இல்லை.

இங்கே எளிய கணக்கு ஒன்று உண்டு. ஏழரை மணிக்குக் களியும் கீரையும் சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுத்து, இரண்டு மணிக்கு விழித்துக்கொள்ளும் மூதாட்டி ஆறு மணி நேரம் தூங்கிவிட்டார். ஊரே உறங்கும் நேரத்தில் தான் மட்டும் விழித்திருப்பதால் "எனக்குத் தூக்கமே வர்றதில்ல" என்கிறார். விடியும்வரை புரண்டு புரண்டு படுக்கிறார். அந்த நேரத்தில் கடன், மகளின் குடும்பம், செத்துப்போன கணவர் என்று எல்லாம் நினைவுக்கு வருகிறது. காலையில் அசதி, மதியம் இரண்டு மணி நேரம் படுக்கை, அதனால் இரவுத் தூக்கம் இன்னும் மெலிகிறது. அவருக்குத் தேவைப்படுவது மாத்திரை அன்று, எட்டு மணிப் படுக்கையைப் பத்து மணிக்குத் தள்ளிவைப்பது.

எல்லாத் தூக்கக் கேட்டையும் இப்படிக் கணக்குப் போட்டுத் தீர்த்துவிட முடியாது. உடலிலும் ஊரிலும் தேட வேண்டிய காரணங்கள் பல. முதலில் சிறுநீர். கட்டுப்படாத சர்க்கரை, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், மாலையில் விழுங்கும் நீர் பிரியும் மாத்திரை ஆகியவை இரவில் மூன்று, நான்கு முறை எழுப்பிவிடும். இந்த வட்டாரத்தில் கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், இரண்டு படி இறங்கி, இருட்டில் போகும்படி இருப்பது வழக்கம். அந்த நடையில்தான் இடுப்பெலும்பு முறிகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் முதியவர்கள் உண்டு. அதனால் மலச்சிக்கலும் மயக்கமும் சேர்ந்துகொள்கின்றன. மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்பதும், பின்வாசலில் ஒரு பல்பும் ஒரு கைப்பிடியும் வைப்பதும் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

அடுத்தது வலி. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. இந்த அளவை மிகவும் மீறிய நீரைப் பல்லாண்டு குடித்தவருக்குப் பல் கறையோடு நிற்பதில்லை. தசைநார்கள் சுண்ணாம்பேறி, கழுத்தும் முதுகும் இறுகி, முழங்கால் மடங்காமல் போகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டதே இதற்காகத்தான். புதிய தலைமுறைக்கு அது காப்பு. அதற்கு முந்தைய நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கிணற்று நீர் குடித்து வளர்ந்த எலும்புகளில் சேர்ந்தது அப்படியே இருக்கிறது. பாயில் ஒருக்களித்துப் படுக்கவும் குத்தவைத்து உட்காரவும் முடியாதவரின் தூக்கமின்மையைத் தூக்க நோயாகப் பார்ப்பதில் பயனில்லை. வலிக்கு மருத்துவம், தரையை விட்டு உயரமான கட்டில், உட்கார்ந்து பயன்படுத்தும் கழிப்பறை ஆகியவை கிடைத்த பிறகே அவருடைய தூக்கத்தைப் பற்றிப் பேச முடியும்.

கால் குடைச்சல் என்று மக்கள் சொல்வதும் காரணமாகலாம். படுத்தவுடன் கெண்டைக்காலில் ஒரு தவிப்பு, ஆட்டினால் அல்லது எழுந்து நடந்தால் தேவலை என்று இருந்தால் அது பல நேரங்களில் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பலத்த குறட்டையும் நடுவே மூச்சு நின்று திணறி எழுவதும் தூக்க மூச்சுத்தடை நோய். இதை அயர்ந்த உறக்கம் என்று குடும்பம் நினைத்துக்கொள்வது ஆபத்து. ரத்த அழுத்தமும் பக்கவாதமும் இதோடு சேர்ந்து வருகின்றன.

யானையும் ஒரு காரணம். ஆண்டுதோறும் மழைக்காலம் ஓயும்போது பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாகத் தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கும் சானமாவுக் காட்டுக்கும் வருகின்றன. கேழ்வரகு கதிர் முற்றும் காலம் அது. இளையவர்கள் ஷிப்டுக்குப் போய்விட, பயிருக்குக் காவல் இருப்பவர்களில் வயதானவர்கள் கணிசம். பரணிலோ கொல்லைக் குடிசையிலோ பட்டாசும் டார்ச்சும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் இரவு விழிக்கும் எழுபது வயதுக்காரருக்கு, அறுவடை முடிந்து காவல் ஓய்ந்த பிறகும் இரவு இரண்டு மணிக்கு உடல் விழித்துக்கொள்கிறது. பயிர் இழப்பீடு பற்றிப் பேசுகிறோம்; இழந்த தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இத்தனை காரணங்களையும் கேளாமல் கைக்கு வந்துசேர்வது தூக்க மாத்திரை. அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை இந்தியாவில் எச்-1 அட்டவணையில் உள்ளவை; மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதவேண்டும். ஆனால் பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வயதான உடலில் இம்மருந்துகள் வெளியேற நெடுநேரமாகும். டயசிபாமின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய இருபது வயதில் சுமார் 20 மணி நேரம். எண்பது வயதில் சுமார் 90 மணி நேரம். நேற்றைய மாத்திரை தீருமுன் இன்றைய மாத்திரை சேர்கிறது. விளைவு பகல் மந்தம், தள்ளாட்டம், விழுதல், மறதி. மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இல் முதியோருக்கு ஒவ்வாத மருந்துகளைத் தொகுத்தார். அந்தப் பட்டியலின் இன்றைய பதிப்பிலும் இவை தவிர்க்க வேண்டியவையாகவே நிற்கின்றன. சளிக்கும் அரிப்புக்கும் தரும் அலர்ஜி மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போட்டுக்கொள்வதும் அதே அளவு கெடுதல். சிறுநீர் அடைப்பும் மனக்குழப்பமும் வரும். மது முதல் பாதி இரவில் மயக்கித் தூங்கவைத்து, பின் பாதியில் எழுப்பிவிடும். மதுவும் தூக்க மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். நெடுநாள் மாத்திரை போட்டவர் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. நடுக்கம், வலிப்பு வரை போகும். மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை.

மனச்சோர்வு முதியவரிடம் அழுகையாக வருவது குறைவு. "உடம்பெல்லாம் வலி", "ஒரே அசதி", "வாய்க்கு ருசியே இல்ல", "எதுலயும் பிடிப்பு இல்ல" என்றே வரும். விடியுமுன் விழித்து, காலையில் மிகவும் பாரமாகவும் மாலையில் சற்றுத் தேவலையாகவும் இருப்பது அதன் தெளிவான அடையாளங்களுள் ஒன்று. மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18-இல் நடத்திய முதுமை குறித்த நெடுங்கால ஆய்வில் நாடு முழுவதும் 45 வயதைக் கடந்த 72,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். கேள்விகள் கேட்டு மதிப்பிட்டபோது 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 விழுக்காட்டினருக்குக் கடும் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று தெரிந்தது. மருத்துவர் கண்டறிந்து சொன்னதாகக் கூறியவர்கள் 0.8 விழுக்காடு மட்டுமே. ஒருவர் அறியப்பட்டால் ஒன்பது பேர் அறியப்படாமல் இருக்கிறார்கள். முதியோர் நலத்தில் இது மிகப் பெரிய இடைவெளி.

தூக்கமின்மை மனச்சோர்வின் விளைவு மட்டுமன்று, அதற்கு முன்னோடியும் ஆகும். மனச்சோர்வு இல்லாத, ஆனால் தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கிடைத்த முடிவு. அப்படியானால் தூக்கத்தைச் சீராக்கி மனச்சோர்வைத் தடுக்க முடியுமா? லாஸ் ஏஞ்சல்ஸில் 60 வயதைக் கடந்த, தூக்கமின்மை உள்ள 291 பேரிடம் நடந்த ஆய்வு முடியும் என்று காட்டியது. தூக்கம் பற்றிய பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட, மருந்தில்லாத நடத்தைப் பயிற்சி பெற்றவர்களிடம் மூன்று ஆண்டுகளில் மனச்சோர்வு வந்தது பாதிக்கும் குறைவு.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று கோவாவிலிருந்து வருகிறது. அமித் டயஸ், விக்ரம் படேல் முதலியோர் அங்கே லேசான மனச்சோர்வு அறிகுறிகள் உள்ள, 60 வயதைக் கடந்த 181 பேரைத் தேர்ந்துகொண்டு நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ஆலோசனை தந்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். அவர்கள் செய்தவை நான்கு: அன்றாடச் சிக்கல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்வு தேடக் கற்றுத்தருதல், தூக்கப் பழக்கத்தைத் திருத்துதல், சர்க்கரை போன்ற நோய்களைக் கவனித்துக்கொள்ளச் சொல்லித்தருதல், அரசு உதவிகளைப் பெற வழிகாட்டுதல். ஓராண்டு முடிவில் கடும் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் இந்த உதவி பெற்றவர்களில் 4.4 விழுக்காடு, பெறாதவர்களில் 14.4 விழுக்காடு. ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பித்தருவதும் தூக்கத்தைத் திருத்துவதும் ஒரே சிகிச்சையின் பகுதிகளாக இருந்தன என்பதே இதன் சிறப்பு. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தத் தொகை கைக்கு வருகிறதா இல்லையா என்ற கவலையே பலரை இரவில் விழிக்கவைக்கும்.

கடும் மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்படும். அது வேலைசெய்ய நான்கு முதல் ஆறு வாரமாகும். முதியவருக்குக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். சிலருக்கு ரத்தத்தில் சோடியம் குறையும் என்பதால் பரிசோதனையும் வேண்டும். "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்ற பேச்சை யாரும் புலம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. விவசாய வீடுகளில் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். சென்னையின் ஸ்நேகா அமைப்பைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் உடன் பணிபுரிந்தோரும் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிவைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். தக்காளிக்கு வாரம் தவறாமல் மருந்தடிக்கும் ராயக்கோட்டையில் குறைந்தது வீட்டளவிலாவது பூட்டும் சாவியும் வேண்டும்.

மூன்றாவது இழை, தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் திறன். அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963-இல் இதை ஆறு செயல்களால் அளந்தார்: குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குப் போய்வருதல், படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்தல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல். குழந்தை கற்றுக்கொள்வதற்கு ஏறக்குறைய எதிர்வரிசையில் முதுமை இவற்றை இழக்கிறது; முதலில் போவது குளியல், கடைசிவரை நிற்பது உண்ணுதல். கிராமத்துக் குளியலைப் பார்த்தால் காரணம் புரியும். தண்ணீர் இழுக்க வேண்டும், அடுப்பு மூட்டிக் காய்ச்ச வேண்டும், குடத்தைத் தூக்கி வந்து வழுக்கும் கல்லில் நின்றுகொண்டு குனிந்து மொண்டு ஊற்ற வேண்டும். கை வலிமை, முதுகு, கண் பார்வை, நிலை தவறாமை, செய்ய வேண்டும் என்ற மனம் அத்தனையும் அதில் தேவைப்படுகின்றன. நாள் தவறாமல் குளித்தவர் மூன்று நாளாகக் குளிக்கவில்லை என்றால் அதைச் சோம்பல் என்று சொல்லிவிடாமல் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அது முழங்காலாகவும் இருக்கலாம், மனமாகவும் இருக்கலாம்.

இவற்றுக்கு முன்னரே மங்குபவை சிக்கலான வேலைகள். லாட்டன், பிராடி என்ற ஆய்வாளர்கள் 1969-இல் தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், துணி துவைத்தல், பயணம், மருந்து சாப்பிடுதல், பணக் கணக்கு முதலிய எட்டைப் பட்டியலிட்டார்கள். மேலே சொன்ன இந்திய ஆய்வில் முதியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அடிப்படைச் செயல்களில் ஒன்றாவது கடினமாக இருந்தது; சிக்கலான வேலைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு. நன்மை செய்வதாக நினைத்து எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளும் குடும்பம் இந்த இழப்பை விரைவுபடுத்துகிறது. சாமந்தி தொடுப்பது, கீரை ஆய்வது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது போன்றவை முடிகிற மட்டும் அவர் கையிலேயே இருக்கட்டும். அந்த வேலைதான் அவருடைய பகலுக்கு ஒழுங்கு, தசைக்குப் பயிற்சி, மனத்துக்கு மதிப்பு. மூளை முதுமையடையும் விதத்தைக் கிராம மக்களிடமே அறிய, பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆய்வு மையம் பக்கத்துக் கோலார் மாவட்டத்தின் ஸ்ரீநிவாசபுரத்தில் 45 வயதைக் கடந்த 10,000 பேரைப் பல்லாண்டு பின்தொடரும் ஆய்வை நடத்திவருகிறது. அங்கும் மாந்தோப்பும் கேழ்வரகுக் களியும் தெலுங்கும் கன்னடமும்தான். அந்த முடிவுகள் மேலைநாட்டுக் கணக்குகளைவிட ராயக்கோட்டைக்கு நெருக்கமாகப் பொருந்தும்.

தூக்கத்தைத் திருத்தும் முறை கடினமானதன்று. நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மருந்தன்று, இந்தப் பயிற்சியே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் அறிவித்தது. எழும் நேரம் நாள்தோறும் ஒன்றாக இருக்க வேண்டும், முந்தைய இரவு எப்படிக் கழிந்திருந்தாலும். கண் சொக்கினால் மட்டும் படுக்கை. இருபது நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து அமைதியான ஏதாவது வேலை, பிறகு மீண்டும் படுக்கை. பகலில் படுப்பதானால் மூன்று மணிக்கு முன், அரை மணி நேரம். விடிந்ததும் அரை மணி நேரமாவது வெளிவெயிலில் நடை; ராயக்கோட்டையில் கோட்டைமலை அடிவாரத்திலும் ஏரிக்கரையிலும் அதற்கு இடமுண்டு. மாலை நான்கு மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். முதல் இரண்டு வாரம் அசதி கூடும். அதில் மனம் தளராமல் இருக்கக் குடும்பத்தார் துணை வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர், அடிக்கடி விழுகிறவர் படுக்கை நேரத்தைக் குறைக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இவற்றை வீட்டுக்கு வந்து சொல்லக்கூடியவர் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கியது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வாசலில் தருகிறார். இயன்முறை மருத்துவரும் நோய் ஆதரவுச் செவிலியரும் தேவைப்படும் வீடுகளுக்கு வருகிறார்கள். மாத்திரை அட்டையைக் கொடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் மூன்று கேள்விகள் கேட்க முடியும். எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகிறார்? கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்தோ எதிலும் நாட்டமில்லாமலோ இருந்தாரா? இந்த வாரம் தானே குளித்தாரா? வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவரிடம் அந்த மொழியிலேயே கேட்க வேண்டும். மனத்தின் பாரம் தாய்மொழியில்தான் வெளிவரும். பதில் சரியில்லை என்றால் அடுத்த படி ஆரம்ப சுகாதார நிலையமும் மாவட்ட மனநலத் திட்டமும். 2022-இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் எல்லை தாண்டினால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் உள்ளன.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராசன் 1978-இல் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கியபோது அது நாட்டுக்கே புதிது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. ஆயினும் தலைநகரின் மருத்துவமனை ராயக்கோட்டை மூதாட்டிக்குத் தொலைவுதான். அவருக்கு அருகில் இருப்பவர் மாத்திரை கொண்டுவரும் பெண். கோவாவில் சாதாரண மக்களால் செய்ய முடிந்ததை அவராலும் செய்ய முடியும். அதற்கான பயிற்சியை அவருக்குத் தருவதைச் சுகாதாரத் துறை தள்ளிப்போடக் கூடாது. அதுவரை வீட்டார் செய்யக்கூடியதும் உண்டு: மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற இரண்டு எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, தாத்தா பாட்டியின் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைக்கலாம். இரண்டுமே கட்டணமில்லா எண்கள்.